நாங்கள் ஆடிய ஆட்டம்

துண்டின் ஒரு முனையைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, தொடையில் வைத்து இடது கையால் அழுத்திப் பிழிகிறார். திம்மையாவின் வலது கை மடியில் கிடக்கிறது. அந்தக் கைவிரல்களுக்குப் பலம் வரட்டும் என்று நான் கொடுத்த ரப்பர் பந்தைத்தான் துடைக்கிறார். முதலில் ஈர முனை, பிறகு காய்ந்த முனை. துடைத்த பந்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எதிரே நிற்கும் யாருக்கோ கொடுப்பதுபோல் நீட்டிவிட்டு, மடியில் வைத்துக்கொள்கிறார்.

"பிசையத்தான கொடுத்தேன்? தொடைக்கவா கொடுத்தேன்?"

"அழுக்குப் பந்து நேராப் போகாது சிஸ்டர்."

அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் திம்மையாவின் வீடு. பக்கவாதம் வந்தவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. விடியும்போது வந்து மத்தியானம் கிளம்புவேன். அவரும் மனைவி சௌடேஸ்வரியும் தங்களுக்குள் கன்னடம் பேசுவார்கள். சண்டை மட்டும் தமிழில், எனக்கும் புரியட்டும் என்று.

சிறு வயதில் தாய்மாமனுக்குச் சேலை மூட்டை சுமந்து கொடைக்கானல் போனவர். மூட்டை தூக்கிய தோளைப் பார்த்த ஒருவர் கோல்ப் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கி, பந்தைத் துடைத்துக் கொடுக்கும் வேலை. முழங்கால் தேயும்வரை அங்கேயே இருந்துவிட்டார்.

"மஞ்சு எறங்கிட்டா பந்து எங்க போச்சுன்னு கண்ணு சொல்லாது சிஸ்டர், காதுதான் சொல்லும். புல்லுல விழுந்தா ஒரு சத்தம், சருகுல விழுந்தா ஒரு சத்தம். நடுவுல காட்டெருமை படுத்திருந்தா அது எந்திரிக்கிற வரைக்கும் ஆட்டம் நிக்கும். அதுகிட்ட யாரு போயி நகருன்னு சொல்றது?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் குளிர் படுவது தெரியும். ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேல மரமும் விசைத்தறிச் சத்தமும்தான்.

அந்த மலையில் அவர் யாருக்கெல்லாம் பை தூக்கினாரோ அவர்களில் ஒருவன் வெர்னன் டெய்ட். அங்கே ஆசிரியராக இருந்த ஓர் அமெரிக்கரின் மகன், இவர் வயது. குடும்பம் அமெரிக்கா திரும்பியபின் அவன் தொழில்முறை ஆட்டக்காரன் ஆனான். கிளப்புக்கு வரும் பத்திரிகைகளில் அவன் படத்தைத் தேடியே திம்மையா அவன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டார். பின்னாளில் செல்போன் வந்தது. பை தூக்குகிறவர்களின் வழக்கப்படி, அவன் ஆடியதையும் அவர் எப்போதும் 'நாங்க' என்றுதான் சொல்லுவார்.

"மொதல்ல சில வருசம் நாங்க பெரிய போட்டிக்கே போக முடியல. அப்பறம் கரோலினாவுல ஜெயிச்சோம். ஒரே ஒருக்கதான். பெறகு தோள்பட்டை போச்சு. ஒரு கிளப்புல ஆடச் சொல்லிக் குடுத்துக்கிட்டுக் கெடந்தோம். அம்பது தாண்டுனவுகளுக்குன்னு தனிப் போட்டி வச்சிருக்காக பாருங்க, அதுல திரும்ப எறங்கிட்டோம்."

"எறங்கிட்டாகளாம்!" சேலை முந்தியில் குஞ்சம் கட்டிக்கொண்டே சௌடேஸ்வரி சொல்வார். "அந்த வெள்ளக்காரன் இவுகளுக்கு ஒரு கார்டு போட்டுருப்பானா?"

"ஆட்டக்காரன் பந்தப் பாப்பானா, பை தூக்குறவனப் பாப்பானா?"

ஆட்டக்காரர் குறி பார்க்கையில் பை தூக்குகிறவர் அசையக் கூடாது, இருமக் கூடாது. தன் நிழல் பந்தின்மேல் விழாத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. "நான் சோறு வடிச்சாக்கூட மூச்ச அடக்கிக்கிட்டு ஒதுங்கி நிப்பாரு சிஸ்டர். சட்டியப் பிடிக்க ஒரு கை குடுங்கன்னா, நீ முடிக்கிற வரைக்கும்னுதான் நின்னேம்பாரு!" என்பார் சௌடேஸ்வரி.

திம்மையாவின் கால் ஓரளவு தேறிவிட்டது. கைத்தடி ஊன்றினால் நடப்பார். ஊன்ற மாட்டார். வாங்கிய தடி பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கதவுக்குப் பின்னால் நின்றது. அவரைத் தூக்கித் தூக்கி சௌடேஸ்வரியின் இடுப்பு பிடித்துக்கொண்டது. மகள் தேவிபிரியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "மாசி பொறக்குறதுக்குள்ள நீங்களா நடக்கலன்னா மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்ப்பா." அவளுக்கு மூன்றாவது மாடியில் வீடு. சௌடேஸ்வரி குஞ்ச வேலையை விட்டு வரமாட்டார். போனால் திம்மையா தனியாகத்தான் போக வேண்டும்.

"அம்மாவ விட்டுட்டு இருந்துருவீகளா?" என்று நானும் கேட்டுப் பார்த்தேன்.

"கோல்பு ஆட்டம்னா என்ன சிஸ்டர்? நடக்குறது. நடுவுல கொஞ்சம் பந்தடிப்பாக. நடக்க முடியலன்னா ஆட்டத்த விட்டுப் போயிறணும். கம்ப ஊனிக்கிட்டு நிக்கக் கூடாது."

தை மாதக் கடைசியில் டெய்ட் தன் கடைசிப் போட்டியை ஆடினார். ஹவாய்த் தீவில். நமக்கு விடிந்தபின்தான் அங்கே முந்தின நாள் பொழுது சாயும். என் செல்போனைத் தலையணையில் சாய்த்து வைத்தேன். இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு சௌடேஸ்வரியும் வந்து உட்கார்ந்தார்.

டெய்ட் சின்ன மோட்டார் வண்டியில் வந்தார். தலை முழுக்க நரை.

"வண்டியிலயா வாராரு?" திம்மையா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். 'நாங்க' என்று சொல்லவில்லை.

கடைசிக் குழிக்குப் பக்கத்துப் புல்தரையில் வண்டி ஏறக் கூடாது. டெய்ட் இறங்கினார். கையிலிருந்த மட்டையைத் தலைகீழாகப் பிடித்து, அதை ஊன்றி ஊன்றி நொண்டிக்கொண்டு வந்தார். "இங்க பாருங்க," என்று சௌடேஸ்வரி கணவரின் தாடையைப் பிடித்துத் திருப்பினார். பந்தருகே வந்ததும் டெய்ட் நிமிர்ந்தார். ஊன்றி வந்த மட்டையைத் திருப்பிப் பிடித்து, அதனாலேயே அடித்தார். பந்து குழிக்கு ஒரு சாண் இப்பால் நின்றுவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றினார்.

"தோத்துட்டோம்," என்றார் திம்மையா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஊனிக்கிட்டுத்தான் வந்தோம், பாத்தீகளா சிஸ்டர்?"

"பாத்தேன். இட்லி ஆறுது, சாப்பிடுங்க," என்றேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது தடியின் உறை பிரிந்து தரையில் கிடந்தது. தடியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈர முனை, காய்ந்த முனை. நல்ல கையில் தடி, முதலில் தடி, பிறகு பலமில்லாத கால், அப்புறம் மற்றது என்று சொல்லிக்கொடுத்து, இடுப்பை ஒட்டிக் கை வைத்துக்கொண்டு கூடவே நடந்தேன். புறவாசல்வரை போனார். கிழக்குச் சுவர் வரை போய்த் திரும்பினார்.

சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சௌடேஸ்வரி குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு பாதியில் இருந்தது, தலை நிமிரவில்லை. திம்மையாவின் முதுகுக்குப் பின்னால் வெயில். நிழல் நீண்டு போய் அந்த அம்மாவின் விரல்கள்மேல் விழுந்தது.

திம்மையா நின்றார். தடியைப் பக்கவாட்டில் எடுத்து வைத்தார். பலமில்லாத காலை இழுத்து வைத்தார், மற்றதைச் சேர்த்தார். மறுபடியும் தடி, கால், கால். நிழல் நூலைவிட்டு விலகியது. முடிச்சு இறுகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.