டயரிடம் பேசிய அப்பா

பஞ்சர்காரர் யார் வம்புக்கும் போகாத மனிதர். தெருவே இடது பக்கம் நடந்தால், வலது பக்கம் வேலை இருந்தாலும் இடதிலேயே நடந்துவிட்டுப் பிறகு திரும்பி வருவார். அதனால் ‘அமைதி வட்டம்’ என்ற கூட்டம் தெருவுக்குள் நுழைந்து வீட்டுக்கு வீடு நீலச் சட்டை மாட்டிவிட்டபோது, அவரும் மாட்டிக்கொண்டார். மாட்டாதவன் கடையில் யார் சைக்கிளை நிறுத்துவார்கள்? கிரீஸ் படப்போகிற சட்டைதானே, எந்த நிறமாக இருந்தால் என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மகளுக்குத்தான் வாய் நீளம். தாயில்லாமல் கடையிலேயே வளர்ந்தவள். டியூப் ஒட்டுவதில் அப்பாவையே தூக்கிச் சாப்பிடுவாள். ஒரு நாள் கூட்டத்தில் வட்டத்தின் தலைவர், “சந்தேகப்படுறவனுக்குத்தான் நோய் வரும். நம்புறவங்க பக்கம் அது எட்டிக்கூடப் பாக்காது” என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

“அப்ப உங்களுக்குச் சளி புடிச்சது எந்தச் சந்தேகத்துல?” என்று கேட்டுவிட்டாள்.

சிரிக்க வாயெடுத்தவர்கள் பக்கத்து முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். அன்றே அவளை விலக்கி வைத்தாயிற்று. யாரும் அவளோடு பேசக் கூடாது, பெற்றவர் உட்பட. மீறினால் அவருக்கும் அதே கதி.

முதல் நாள் முழுக்க பஞ்சர்காரர் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் மதியம் தாங்கவில்லை. கையிலிருந்த டயரைப் பார்த்து, “டேய் டயரு, சாப்ட்டியாடா?” என்றார்.

மகள் தலையைத் தூக்கவில்லை. “டயரு வயிறு முட்டத் தின்னாச்சுப்பா. எல்லாம் காத்துதான்.”

அன்றிலிருந்து அப்படித்தான். காய்ச்சலா என்று கேட்பதும் டயரைத்தான், ஏன் லேட்டு என்று திட்டுவதும் டயரைத்தான். நீலச் சட்டை யாராவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் மட்டும் டயருக்கும் விலக்கு விழுந்துவிடும்.

பிறகு அவளுக்குத் தொலைவில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. கிளம்பும் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். கடை வாசலில் நாலைந்து நீலச் சட்டைகள்.

“அப்பா, ஒரே ஒரு தடவ என்னப் பாத்துப் பேசுப்பா. ‘போய்ட்டு வா’ன்னு சொன்னாப் போதும்.”

அவர் நிமிர்ந்தார். வாய்கூடத் திறந்தது. நீலச் சட்டை போட்ட மளிகைக்காரர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். பஞ்சர்காரர் குனிந்து டியூப்பைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்தினார்.

“டயருகிட்டயாவது சொல்லிருக்கலாம்ப்பா” என்றாள் மகள். எப்போதும் இருக்கும் கிண்டல் குரலில் இல்லை. நடந்துவிட்டாள்.

தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது. ஓட்டை எங்கே என்று அவர் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் தலைவர் அவரை மேடைக்கு இழுத்து வந்து தோளில் கை போட்டார். “பெத்த பொண்ணு எதுர வந்து நின்னு கெஞ்சிருக்கு. அசையல மனுசன்! இவரப் பாத்துக் கத்துக்குங்க!”

கைதட்டல் காதைப் பிளந்தது. மளிகைக்காரர் எழுந்து நின்றே தட்டினார். எல்லாரும் தட்டும்போது தான் மட்டும் சும்மா நின்றால் நன்றாக இருக்காதே என்று பஞ்சர்காரரும் தட்டினார்.