காப்பி அண்ணி

என் அண்ணி கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்க்கிறார். கண் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில் வந்து சேரும் லென்ஸை, ஃபிரேமுக்குள் கச்சிதமாக உட்காரும்படி ஓரம் தேய்த்துக் கொடுப்பது அவர் வேலை. அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்துவிட்டால் லென்ஸ் குப்பைக்குத்தான். பதினோரு வருடத்தில் அப்படிப் போனது ஏழே ஏழு என்று கடைக்காரரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மாலையில் வேலை முடிந்து வந்ததும், ஹாலின் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் விளையாடுவார். ஒரு வீரனையோ வீராங்கனையையோ நாமே உருவாக்கி, ஊர் ஊராக அலைந்து, எதிர்ப்படுபவர்களோடு பேசி, சண்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக்கொண்டு போகும் நெடிய விளையாட்டு. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர் அறுபத்திரண்டு மணி நேரம் ஆடியதைத் தொலைக்கும்வரை.

அந்த விளையாட்டு, ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் தானாகவே சேவ் செய்துகொள்ளும். ஆனால் அந்த ஆட்டோசேவுக்கு மூன்றே இடம். நான்காவது வந்தால் முதலாவது அழிந்துவிடும். அண்ணி ஒருநாள் விஷப்புகை நிறைந்த சுரங்கத்துக்குள் போய்விட்டார். பின்னால் வாசல் மூடிக்கொண்டது. மருந்து கையில் இல்லை. வழி தேடி அறை அறையாக ஓடியதில் மூன்று சேவும் சுரங்கத்துக்குள்ளேயே விழுந்துவிட்டன. எதைத் திறந்தாலும் இருபது அடியில் சாவு. 'விளையாட்டுதானே, விடு' என்றான் அண்ணன். அண்ணி, மடித்து வைத்திருந்த துணிகளை உதறி மறுபடி மடித்தார்.

அடுத்த வாரம் முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை, ஆட்டத்தை விட்டு எழுந்திருக்கும் முன் தன் கையாலேயே ஒரு சேவ் போடுவார். பிறகு சேவ்கள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி எடுத்து, தேதியோடு ஒரு வரி எழுதி வைப்பார்: 'பாலத்துக்கு இந்தப் பக்கம். கூட வந்தவர்கள் எல்லாரும் உயிரோடு.' ஒரு பென் டிரைவ் அலமாரியில், இன்னொன்று கடை மேஜையில். வாரம் ஒருமுறை காப்பியைத் திறந்து நாலு அடி நடந்தும் பார்ப்பார். திறந்து பார்க்காத காப்பி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. 'காப்பி எடுத்துட்டு வரேன்' என்று அவர் சொல்லும்போதெல்லாம் அண்ணன் தனக்கும் ஒரு டம்ளர் கேட்பான். அப்படித்தான் 'காப்பி அண்ணி' என்ற பெயர் வந்தது.

அப்பா இதற்குள் எப்படி வந்தார் என்பதுதான் வேடிக்கை. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். இடுப்பெலும்பு தேய்ந்து நடமாட முடியாமல் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தவர், அண்ணி ஆடுவதைப் பார்த்து யோசனை சொல்லத் தொடங்கினார். அந்தக் கதவு வேண்டாம், இந்த ஆள் முழி சரியில்லை என்று. அண்ணி அதே கம்ப்யூட்டரில் அவருக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்தார். கிரேன் லீவர் பிடித்த கைக்கு கேம் பேட் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. கையால் சேவ் போடச் சொன்னால் மட்டும் கேட்கமாட்டார். அதுதான் தானாகவே எழுதிக்கொள்கிறதே என்பார். அண்ணி வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய ஃபோல்டரையும் சத்தமில்லாமல் காப்பி எடுத்து வைத்தார்.

ஒரு வியாழக்கிழமை அப்பாவை இடுப்பு ஆபரேஷனுக்குச் சேர்த்தோம். அதற்கு முந்தைய நாலு நாளில்தான், ஆட்டத்தில் ஜெயிலில் கிடந்த ஒரு படகுக்காரனை விடுவித்திருந்தார். ஆஸ்பத்திரியில் நர்சுகளிடம்கூட அந்தக் கதைதான்.

சனிக்கிழமை மதியம் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அப்பாவின் கணக்கு திறந்தபடியே இருந்தது. பொழுது போகாமல் புதிதாக ஒரு ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் சுற்றினேன். அப்பாவின் ஆளைப் பார்க்கலாம் என்று தேடியபோதுதான் ஆட்டோசேவின் மூன்று இடத்திலும் என் ஆளே நிற்பது தெரிந்தது. பத்து நாள் வாயே திறக்கவில்லை. அப்பா வீடு திரும்புவதற்கு முந்தைய நாள், தாங்க முடியாமல் அண்ணியிடம் போய் நின்றேன்.

அவர் திட்டவில்லை. "எத்தனை கதவு தாண்டினே?" என்று மட்டும் கேட்டார்.

நாலைந்து இருக்கும் என்றேன். சரி, அப்போ அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். நான் கெடுத்து வைத்த ஃபோல்டரையே முதலில் காப்பி எடுத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, அவசரத்தில் கை தவறினால் இருப்பதும் போய்விடும் என்றார். பிறகு அலமாரி பென் டிரைவில் தேதிவாரியாக இருந்தவற்றில், அப்பா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஃபோல்டரைப் போட்டுத் திறந்தார். அப்பாவின் கிழட்டு வீரன் குதிரையோடு ஆற்றங்கரையில் நின்றிருந்தான். படகுக்காரன் இன்னும் ஜெயிலில்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நாலு நாள் ஆட்டத்தை அண்ணியே ஆடி முடித்துவிட்டால் அப்பாவுக்குத் தெரியவே தெரியாதே என்றேன்.

"அது நான் ஆடினதா ஆயிடும். மாமா விடுவிச்ச படகுக்காரன் இல்ல அது," என்றார். "திரும்பக் கிடைச்சதை நான் சொல்றேன். போனதை நீதான் சொல்லணும்."

மறுநாள் அப்பா வாக்கரோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னேன். அப்பா என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைவரை எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று அண்ணி சொன்னதும் அவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கே தெரியாம எடுத்து வச்சியாம்மா?"

"நீங்க கேட்கமாட்டீங்களே மாமா."

அப்பா சிரித்துவிட்டார். "நாலு நாள்தானே. அதுல ரெண்டு நாள் வழி தெரியாம சுத்தினதுதான்," என்றார். என்னிடம் தலையணையைச் சரியாக வைக்கச் சொன்னார். அதோடு என் விசாரணை முடிந்தது.

இரண்டாம் முறை படகுக்காரனை வெளியே கொண்டுவர அப்பாவுக்கு ஆறு நாள் ஆனது. வழி தெரியும் என்ற தெம்பில் அவசரப்பட்டு இரண்டு தடவை காவலாளிகளிடம் மாட்டிக்கொண்டார். கடைசியில் வேறு பக்கமாகச் சுற்றிப் போனபோது, சமையல்கட்டின் பின்னால் கட்டிப் போட்டிருந்த படகுக்காரனின் நாய் கண்ணில் பட்டது. முதல் முறை அப்படி ஒரு நாய் இருப்பதே அவருக்குத் தெரியாது. அண்ணி கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடாமல், வீரனும் படகுக்காரனும் நாயுமாகப் படகில் மூன்று பேராகப் போவதைக் காட்ட அப்பா அவரைக் கூப்பிட்டார்.