துப்பட்டாவை விடாத என் கை

இரண்டாயிரத்து நான்கில், ஒரகடம் பக்கம் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். என் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பாகங்களில் ஒட்டிய எண்ணெயைப் போக்க, காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைப்பது என் வேலை. குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். கரையும்போதே அப்படிச் சூடாகும். பிளஸ் டூவில் வெப்ப உமிழ் வினையை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவள்தான் நான்!

அன்று கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். காஸ்டிக்கை மொத்தமாக வாளியில் கொட்டி, சீக்கிரம் கரையட்டும் என்று அதன்மேல் வெந்நீரை ஊற்றினேன். குபீரென்று பொங்கி நெஞ்சிலும் வயிற்றிலும் தெறித்தது. சுள்ளென்று சுட்டது. பிறகு சோப்புப் போட்ட மாதிரி வழுவழுவென்று இருந்தது, அவ்வளவுதான்.

பேக்கிங்கில் வேலை செய்த பக்கத்து ஊர் சேரப்பணஞ்சேரி அக்கா ஓடி வந்து, ஆபத்துக்கென்று வைத்திருந்த ஷவருக்குக் கீழே என்னை இழுத்து நிறுத்தினார். ஷெட்டின் நட்டநடுவே இருந்தது அது. சுற்றிலும் ஆண்கள். துணியைக் கழற்றச் சொன்னதும் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“வேண்டாம்க்கா, எரியவே இல்லக்கா...”

“இன்னாடி புடிச்சிக்கினு நிக்கிற? உள்ள அரிச்சிக்கினு போவுதுடி, வுடு!” என்றவர், ஆண்களைப் பார்த்துக் கத்தினார். “எல்லாம் அந்தாண்ட திரும்பு!”

முதலில் சுவர் பக்கம் திரும்பியவர் சூப்பர்வைசர். பெண்கள் பேக்கிங் அட்டைகளைத் தூக்கி மறைத்தார்கள். அப்படியும் நான் அக்காவைப் பிறாண்டினேன். அவர் வெறுங்கையால் துணியை உரித்தெடுத்தார்.

என் தோலின் கொழுப்பே காஸ்டிக்கோடு சேர்ந்து சோப்பாகிக் கொண்டிருந்ததாம், அதுதான் அந்த வழுவழுப்பு என்றார் டாக்டர். கழுவத் தாமதித்திருந்தால் ஆழமாக வெந்திருக்குமாம். தழும்போடு தப்பித்தேன்.

ரூமில் படுத்திருந்த நாளெல்லாம், மானம் போயிற்றே என்று ஒரே அழுகை. அக்கா மேல்கூடக் கோபம். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் கம்பெனிக்குப் போனேன்.

கேண்டீனில் அக்கா இடது கையில் ஸ்பூனைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டு சாப்பிட்டுக் கொண்டிருந்தார். வலது கை முழுக்கக் கட்டு. என் துணியை உரித்த கை.

“வா, வா. ஒனக்கு ஆறிப்போச்சா?” என்றார்.

என்னால் தலை நிமிர முடியவில்லை. அத்தனை நாளில் அந்தக் கையைப் பற்றி எனக்கு ஒரு நினைப்புகூட வரவில்லையே! வேலையை விடும் பேச்சை எடுக்காமல், அவர் தட்டை என் பக்கம் இழுத்துச் சோற்றைப் பிசைந்தேன். இன்றும் குளிக்கும்போது சோப்பு கையில் வழுக்கினால், அந்தக் கட்டுப் போட்ட கைதான் கண்முன் வருகிறது. தனியாக நின்றாலும் கூசிப்போகிறேன்.