எது போனது, எது போகவில்லை

சோலோ நகரில் கல்யாணம் என்றால், மணப்பெண்ணின் நெற்றியில் கறுப்பு மைக்கோலம் வரைய முர்தினி அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக நான் கூடவே போய்க் கொண்டை கட்டி மல்லிகை சுற்றுகிறேன். வரைவதற்கு முந்திய நாள் அக்கா விரதம் இருப்பார். ராசியான கை என்று பெயர்.

போன வருடம், அவர் அலங்கரித்த இரண்டு பெண்கள் அடுத்தடுத்து மணவிலக்கு வாங்கினார்கள். யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. அவரே தன்னைக் குறை சொல்லி என்னிடம் புலம்பினார்.

"எல்லாம் என் கையாலதான், சசந்தி. நான் தொட்டா வெளங்காது."

அழுகை நிற்கவில்லை. தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை, தூரிகை பிடித்தால் விரல் நடுங்கியது. வந்த கல்யாணங்களை எல்லாம் வேண்டாம் என்றார். "நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி" என்று ஒருநாள் அவர் சொன்னார். அப்படியே ஸ்கூட்டரில் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனேன். மனச்சோர்வு என்றார் டாக்டர் ஹப்சாரி. தினம் ஒரு மாத்திரை, அடிக்கடி வந்து காட்ட வேண்டும்.

ஐந்தாவது வாரம் அக்கா மாத்திரை அட்டையை என் முன்னால் போட்டார்.

"வெறும் சுண்ணாம்புக்கட்டி. தூக்கமும் வரல, பசியும் வரல. வயிறு வேற பொரட்டுது. நிறுத்தப்போறேன்."

"அதை டாக்டர் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க, வாங்க."

டாக்டர் வாதாடவில்லை. முதல் நாள் எழுதிய தாளை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அழுகை?"

"இப்ப இல்ல."

"செத்துடலாம்னு நெனப்பு?"

"இல்ல. அது போயிடுச்சு."

"பயம், நடுக்கம்?"

"கொறஞ்சிருக்கு."

"கை ராசி கெட்டுப்போச்சுன்னீங்களே?"

"அவளுங்க புருஷனுங்க சரியில்ல டாக்டர். அதுக்கு என் மை என்ன பண்ணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது.

"மாத்திரை எல்லாத்தையும் ஒரே நேரத்துல சரி பண்ணாதும்மா" என்றார் டாக்டர். "உங்களுக்கு மனசு பாரமும் பயமும் முதல்ல கொறஞ்சிருக்கு. தூக்கமும் பசியும் மெதுவாத்தான் வரும், அசதியும் மெதுவாத்தான் போகும். சிலருக்கு அதுக்குத் தனியா வழி பாக்கணும். வயித்துப் பொரட்டல் மாத்திரையாலதான், சாப்பிட்டுட்டுப் போடுங்க."

தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும், பகலில் படுக்கக்கூடாது என்றும் சொன்னார். அக்கா முணுமுணுத்துக்கொண்டே கேட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு மீன் வியாபாரி வீட்டுக் கல்யாணம். இந்தத் தடவை விரதம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அக்கா அரைத் தட்டு சோறு சாப்பிட்டுவிட்டு வந்தார். பெண்ணின் நெற்றியில் முதல் வளைவை ஒரே இழுப்பில் போட்டார்.

"ஆடாதடி. ஆடினா வாத்து மாதிரி ஆயிடுவே."

பெண் குலுங்கிச் சிரித்தாள். அக்கா திட்டிக்கொண்டே அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போனார்.

தூக்கம் இன்னும் ஐந்து மணி நேரம்தான். அடுத்த மாதம் மூன்று கல்யாணங்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்.