கோல்காரரின் லேப்டாப்

ஒன்பது வருடமாக, ஏரிக்கு நடுவிலிருக்கும் எங்கள் தீவில் யோத்தாமு கம்பலமேயை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோல்காரர் என்றால்தான் தெரியும். படகுத்துறை ஓரத்தில் ஏரிக்குள் நட்டிருக்கும் அளவுகோலைத் தினமும் காலை ஆறு மணிக்குப் பார்த்து, தண்ணீர் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று தலைநகர் அலுவலகத்துக்கு அனுப்புவது அவர் வேலை. அதற்கு ஓர் ஆள், ஒரு சம்பளம், மேட்டின் மேல் ஒரு தகர வீடு. ஏரி எங்கே ஓடிவிடப் போகிறது என்று நானும் கிண்டல் செய்தவள்தான். கோலிலிருந்து இருபதடி தள்ளி என் டீக்கடை. டீயும் எண்ணெயில் பொரித்த மந்தாசி மாவுருண்டையும் விற்கிறேன். என் பெயர் எனலேசி.

அவர் ஏரிக்கு அக்கரையில் டெட்சா மலைப்பக்கத்து மனிதர். நீச்சல் தெரியாது. மீனை முள்ளோடு தின்னத் தெரியாமல் மணிக்கணக்கில் தட்டைக் கிளறிக்கொண்டிருப்பார். மனைவி இந்தத் தீவு ஆகாது என்று மூன்றாம் மாதமே கப்பலேறிப் போய்விட்டாளாம். நான் அதைப்பற்றிக் கேட்டதில்லை. ஊரில் எந்தச் சாவுக்கும் தவறாமல் வந்து நிற்பார். ஆனால் கடைசி வரிசையில்தான் நிற்பார். முன்னால் வாருங்கள் என்று யாரும் சொன்னதுமில்லை.

அவருக்குப் பேச்சுத் துணை என்று ஒன்று இருந்தால் அது அந்த அலுவலகத்துப் பழைய லேப்டாப்தான். வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி வைஃபையில் அதை இணைத்து, படிவத்தில் எண்ணைப் போட்டு, கீழே குறிப்புக் கட்டத்தில் இரண்டு வரி எழுதுவார். இன்று கிழக்குக் காற்று, கோலின் மேல் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்திருந்தது, இப்படி. அனுப்பிய நிமிடமே பதில் வந்துவிடும். “கிடைத்தது. நன்றி. ஆர்.” அந்த ‘ஆர்’ ரோடா என்கிற பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார்.

“ரோடா இன்னிக்கு என்ன சொன்னா அண்ணே?” என்று தினமும் கேட்பேன்.

“வழக்கம்போலத்தான்.”

“ஒன்பது வருஷமா ஒரே வார்த்தைதானா? கஞ்சப் பொண்ணா இருப்பா போல.”

“ஆபீஸ்ல வேலை செய்யறவளுக்கு வளவளன்னு எழுத நேரம் ஏது? ஆனா உடனே எழுதறா பாத்தியா. என் தகவலுக்காகக் காத்துக்கிட்டு இருக்கான்னு அர்த்தம்.”

இந்த மழைக்காலத்துத் தொடக்கத்தில் அந்த லேப்டாப்பின் வைஃபை கார்டு செத்துப்போனது. அக்கரை டவுனுக்குப் போன கப்பல் ஆளிடம் சொல்லிவிட்டு வேறொன்று வரவழைத்தார். கட்டைவிரல் நீளப் பலகை, அதில் மாட்ட இரண்டு மெல்லிய ஒயர்கள். அடிமூடியைக் கழற்றி மாட்டினார். பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் இரண்டே வரி: “அறிமுகமில்லாத கார்டு மாட்டப்பட்டுள்ளது. கழற்றிவிட்டு மீண்டும் தொடங்கவும்.” அதற்கு மேல் நகரவில்லை. கழற்றினால் ஒழுங்காக ஓடியது. மாட்டினால் மறுபடி அதே இரண்டு வரி.

அழிரப்பரால் கார்டின் பொன் பற்களைத் தேய்த்தார். ஒயர்களை இடம் மாற்றினார். உள்ளே இருக்கும் வட்ட பேட்டரியை அரை நாள் கழற்றி வைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் யூ.எஸ்.பி. நெட் குச்சி சொருகும் ஓட்டைகளில் குளவி மண் அப்பிக் கூடு கட்டி எப்போதோ பாழாக்கியிருந்தது. அந்த வழியும் இல்லை.

“ஆபீசுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்களேன்” என்றேன்.

“நான் சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு? தகவல் வரலியேன்னு அவங்க கேக்கட்டும். கேப்பாங்க.”

அவருடைய பட்டன் போன் சட்டைப் பையில் இருந்தது. தினமும் என் கடை பிளக்கில் சொருகி முழுசாக ஏற்றிக்கொண்டு போவார். நாலு நாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று, பன்னிரண்டு நாள் போயிற்று. மணியடித்தால் எடுக்கிற வேகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். இரண்டு தடவை அடித்தது. இரண்டும் தவறான நம்பர்.

பதினாறாம் நாள் கப்பல் வரும் நாள். கருவாட்டுக் கூடைகளோடு நான் அக்கரை போக வேண்டும். கப்பல் கரைக்கு வராது, தள்ளி நிற்கும், சின்னப் படகில் போய் ஏணி பிடித்துத்தான் ஏற வேண்டும். கூடைக்குத் தனியாகச் சீட்டு கேட்பார்களே, அதற்கு என்ன செய்வாய் என்று பேச்சுவாக்கில் கேட்டார்.

“கூடையோட போனா சீட்டுக்காரன் ஏணியிலயே நிறுத்திடுவான் அண்ணே. அதனால நான் கைய வீசிக்கிட்டு ஏறிடுவேன். அவன் ஏணிய விட்டு நகந்தப்புறம் என் தம்பி பின்பக்கமாப் படகக் கொண்டாந்து கூடையத் தூக்கிக் குடுப்பான்.”

“உள்ள வந்த கூடைய அவன் பாக்க மாட்டானா?”

“எதுக்குப் பாக்கணும்? அவன் வேலை ஏணியோட முடிஞ்சுபோச்சு.”

டீ தம்ளரை அப்படியே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எனலேசி, நீ இன்னிக்குக் கப்பலுக்குப் போகாத. என்கூட வா” என்றார். யாராவது பக்கத்தில் வேண்டும் என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கூடைகளைத் தம்பியோடு அனுப்பிவிட்டு மேடேறினேன்.

ஒன்பது வருடத்தில் அன்றுதான் அந்த வீட்டுக்குள் போனேன். ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு நாற்காலி. நாற்காலியை எனக்குத் தந்துவிட்டு அவர் நின்றுகொண்டார். கார்டு இல்லாமல் லேப்டாப்பை ஓடவிட்டார். முழுசாக ஓடி நின்றதும் அதை அணைக்காமல் தூங்க வைத்தார். கவிழ்த்து, கார்டை உள்ளே தள்ளி ஒயர்களை மாட்டினார். திருப்பி எழுப்பினார். இரண்டு வரி வரவில்லை. மூலையில் இருக்கும் சின்ன விளக்கு எரிந்தது.

“தொடங்கறப்ப மட்டுந்தான் பாக்குது. ஏறிடுச்சு பாரு, உன் கூடை” என்று சிரித்தார். அவர் பல்லை நான் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

நோட்டைப் பார்த்துப் பதினாறு நாள் எண்களையும் அடித்தார். கடைசிப் படிவத்தின் குறிப்பில் மட்டும் வெகுநேரம் எழுதினார். மன்னிக்கவும், கவலைப்பட்டிருப்பீர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை, இயந்திரக் கோளாறுதான் என்று வாசித்தும் காட்டினார். எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பினார்.

கையை எடுப்பதற்குள் பதில்கள் கடகடவென்று வந்து விழுந்தன. கிடைத்தது, நன்றி, ஆர். பதினாறும் அதே நிமிடம். அந்த நீளக் கடிதத்துக்கும் அதேதான்.

பிறகு ஒரு விரலால் இன்னொரு படிவம் அடித்தார். எண் பூஜ்யம். குறிப்பு: ஏரி முழுவதும் வற்றிவிட்டது. அனுப்பினார்.

“கிடைத்தது. நன்றி. ஆர்.”

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுக்கும்போதே பன்னிரண்டு அடித்து, தினமும்போலத் தீவுக்கே கரண்ட் நின்றது. பேட்டரி உளுத்துப்போன லேப்டாப் சட்டென்று இருண்டது.

“மறுபடி கழட்டணும்” என்றார்.

அதன் பிறகும் தினமும் கழற்றி மாட்டி எண்ணை அனுப்பத்தான் செய்தார். சம்பளம் வாங்குகிறேனே என்றார். குறிப்புக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். காலையில் கோலைப் பார்த்ததும் என் கடைக்கு வந்து எண்ணைச் சொல்லத் தொடங்கினார். நான் மந்தாசியைத் திருப்பிக்கொண்டே “சரிண்ணே” என்பேன். அவருக்கு ஒரு துணையாகிவிட்டேன் என்று உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

ஒருநாள் “நானூத்திப் பத்து” என்றார்.

“சரிண்ணே. டீ போடட்டுமா?”

அவர் உட்காரவில்லை. “நானூத்திப் பத்துன்னா உன் அடுப்பு தண்ணிக்குள்ள இருக்கும், எனலேசி” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மேடேறிப் போனார். கையில் கரண்டியோடு நின்றேன். எண்ணெயில் மந்தாசி கருகிப்போயிற்று. அந்த ரோடாவை எத்தனை நக்கல் அடித்திருப்பேன். அவளாவது இல்லாதவள். நான் இருபதடியில் உட்கார்ந்திருந்தவள்.

மறுநாள் ஆறு மணிக்கு முன்பே முழங்கால் வரை இறங்கி நானே கோலைப் பார்த்தேன். கறுப்புக் கோடுகளை எண்ணப் பழக மூன்று நாள் ஆயிற்று. அவரிடம் சொல்லவில்லை. அவர் வந்து எண்ணைச் சொல்வார், ஒத்துப்போகும், “சரிண்ணே” என்பேன். அந்த வார்த்தையை அவர் இப்போது காதில் போட்டுக்கொள்வதேயில்லை. பதினோரு நாள் இப்படியே.

பன்னிரண்டாம் நாள் தம்ளரை வாங்கிக்கொண்டே “இருநூத்தி இருபத்திமூணு” என்றார்.

“தப்பு. இருநூத்திப் பத்தொம்போது.”

தம்ளர் பாதி வழியில் நின்றது. என் பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

“நல்லாப் பாத்தியா?”

“ரெண்டு தடவ பாத்தேன்.”

டீயைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்து என் பக்கம் திருப்பினார். அன்றைய தேதிக்கு நேரே, இருநூற்றுப் பத்தொன்பது என்றுதான் எழுதியிருந்தது.