ஒரே சர்வர், இரண்டு கேபிள்

சர்வரைப் பாதுகாக்கிற வேலையில், எதுவும் நடக்காத நாளெல்லாம் நாம் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் ஊர் நினைக்கும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அது புதிதல்ல. ஓசூருக்குப் பிராட்பேண்ட் வந்த புதிதில், ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். சிப்காட்டில் பத்துக் கம்பெனிகள் என் பொறுப்பு. அதில் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

முன்வாசல், பின்வாசல்

லாரிக்கு உதிரிபாகம் வார்க்கிற கம்பெனி. முதலாளி வெங்கடேசப்பா வீட்டில் தெலுங்கு பேசுவார், ஷெட்டில் கன்னடம், விருதுநகர்க்காரியான என்னிடம் தமிழ். இருந்தது ஒரே சர்வர். அதிலிருந்து ஒரு கேபிள் ஆபீஸுக்குள் போனது. சம்பளக் கணக்கு, கொட்டேஷன் எல்லாம் அந்தப் பக்கம். இன்னொரு கேபிள் இன்டர்நெட்டுக்கு. வெளியூர் வாடிக்கையாளர்கள் டிராயிங் எடுத்துக்கொள்ள அந்தப் பக்கம்.

"வெளியாள் வந்துபோற மெஷின்ல கொட்டேஷனை வைக்கவேண்டாம் சார், டிராயிங்குக்குத் தனியா ஒண்ணு வைப்போம்" என்றேன். அவர் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல், ஃபயர்வால் போட்டு, டிராயிங்குக்கான வழியைத் தவிர மற்றதெல்லாம் அடைத்துக் கொடுத்தேன். கிளம்பும்போது மறுபடியும் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "முன்வாசலும் பின்வாசலும் இருக்குதுன்னு யாராவது ரெண்டு வீடு கட்டுவாங்களாம்மா?"

மஞ்சுளாவின் கேள்வி

ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அது கம்பெனியின் பெயர்தான். ஆளுக்கு ஒன்றாக மாற்றச் சொன்னேன். கொட்டேஷன் அடிக்கும் சண்முகம் உடனே மாற்றிவிட்டார். திண்டுக்கல் பக்கத்து ஆள், அதிகம் பேசமாட்டார். டைப் அடிக்கும்போது என்னையே முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னவர் அவர் ஒருவர்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

ஸ்டோர்ஸ் மஞ்சுளாவுக்குத்தான் வருத்தம். கர்நாடகத்து ஆனேக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒரு சொல்லை வைத்துக்கொள்வது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. "இஷ்டு வருஷமா, இத்தனை வருஷமா ஒரே டப்பாவில சாப்பிடறோம் மேடம், இப்போ ஒருத்தருக்கு ஒருத்தர் கள்ளனா?"

யார் சொன்னது?

சில மாதம் கழித்துப் போனபோது சண்முகத்தின் நாற்காலி காலியாக இருந்தது. அவரை கேட் பக்கம், வண்டி நம்பர் எழுத உட்காரவைத்திருந்தார்கள். இவர்கள் எந்த ஆர்டருக்கு விலை கொடுத்தாலும், அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனி அதைவிடக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறதாம். தொடர்ந்து மூன்று ஆர்டர் போய்விட்டது. விலை தெரிந்தவர்கள் முதலாளியும் சண்முகமும்தான்.

மாதம் முடிந்ததும் அவரை அனுப்பிவிடப் போவதாக முதலாளி என்னிடம் சொன்னார். கோபத்தோடு சொல்லவில்லை, வருத்தத்தோடு சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முதலில் சர்வரைப் பார்த்துவிடுகிறேன் என்றேன். தலையாட்டினார். "பாரும்மா. ஆனா உள்ள இருக்கறவன் சொல்லாம வெளிய எப்படிப் போவும்?"

பிரவுசிங் சென்டரில்

பார்த்தால், நான் போட்ட ஃபயர்வால் அணைந்து கிடந்தது. வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று, பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒருபக்கம் யாரோ கார் ரேஸ் ஆடிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் ஒரு பெண் பரீட்சை ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி சர்வரின் முகவரியை அடித்தேன். பெயர் கேட்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை. முந்தினநாள் கொட்டேஷன் அப்படியே திரையில் விரிந்தது.

வெங்கடேசப்பா சட்டென்று எழுந்து திரையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். அத்திப்பள்ளிக்காரர்கள் இந்த வழியாகத்தான் வந்தார்களா என்று என்னால் சொல்ல முடியாது; யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்பதை மட்டும் சொன்னேன். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் அவர் சொன்னார்: "பெங்களூர் வீட்லயிருந்து கணக்குப் பார்க்கணும்னு, இன்டர்நெட் லைன்காரனைக் கூப்பிட்டு, பாஸ்வேர்டுகூட கேக்காதபடி நான்தாம்மா தொறக்கச் சொன்னேன்."

பிடுங்கியதும் பிடுங்காததும்

அன்றைக்கே வெளிக் கேபிளைப் பிடுங்கினேன். மூலையில் கிடந்த பழைய மெஷின் ஒன்றைத் துடைத்து, டிராயிங்கை மட்டும் அதில் போட்டு வெளிப்பக்கம் வைத்தேன். கொட்டேஷன் இருந்த சர்வர் ஆபீஸுக்குள்ளோடு நின்றது. முதலாளி கேட்டுக்கு நடந்துபோய், எல்லோர் முன்னாலும், "சண்முகம், தப்பு என்மேல. உள்ள வந்து உக்காருப்பா" என்றார். மஞ்சுளா அழுதேவிட்டார்.

சண்முகம் வந்து உட்கார்ந்தார், முன்போலவே வேலை செய்தார். ஆனால் அடுத்த மாதமே கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனிக்கு மாறிப்போய்விட்டார். போகிற அன்று நான் அங்கே இருந்தேன். எல்லாம்தான் சரியாகிவிட்டதே, ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "கேபிளைப் புடுங்கிட்டீங்க மேடம், சந்தோஷம். கேட்ல இருந்தப்ப ஒவ்வொருத்தரும் என்னைப் பார்த்த பார்வையை எங்கேர்ந்து புடுங்குவீங்க?"

யாரையும் நம்பாதே என்பதுதான் நம் தொழிலின் முதல் பாடம். அதை மெஷினோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லும் இரண்டாவது பாடத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நடத்தக் காணோம்.