மூன்று மாதப் பிரெஞ்சு

இன்று காலை வில்லரேயில் பஸ்ஸுக்கு நின்றபோது செல்வம் அக்காவைக் கண்டேன். பக்கத்தில் மகள் சுதா. வயது நாற்பது தாண்டிவிட்டது. பஸ் தரிப்பின் கண்ணாடியை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

எண்பத்தாறில் நாங்கள் எல்லோரும் பிரெஞ்சு பேசும் இந்த ஊருக்குப் புது அகதிகள். எனக்கு மூன்று மாதப் பிரெஞ்சு தெரியும் என்பதால், ஐந்து வயதாகியும் பேசாத சுதாவை டொக்டரிடம் காட்ட அக்கா என்னைத்தான் கூட்டிப்போனார்.

டொக்டர் நீளமாகக் கதைத்தார். எனக்குப் பிடிபட்டது ஒரு சொல்தான்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. பிள்ளை ஆர்ட்டிஸ்டாம்."

அக்கா அழுதார். வழியில் கலர்ப் பென்சில் பெட்டி வாங்கினார். டொக்டரிடம் திரும்பப் போகவில்லை.

சுதாவுக்குப் பதினொரு வயதானபோதுதான் பள்ளிக்கூடத்தில் ஆட்டிசம் என்றார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பிரெஞ்சில் 'ஓட்டிஸ்ட்'. டொக்டர் சொன்ன சொல் அன்றுதான் எனக்கு விளங்கியது.

இன்று அக்கா சொன்னார்: "அந்த டொக்டர் அப்பவே ஒழுங்காச் சொல்லியிருந்தா, இவள் ரெண்டு வார்த்தையாவது கதைச்சிருப்பாள், தம்பி. பாவி."

"ஓம் அக்கா" என்றேன்.

இப்போது என் பிரெஞ்சு நல்லம். அன்று நடந்ததை அக்காவிடம் தமிழில் சொல்லத்தான் வரவில்லை. உங்களில் யாருக்காவது வருமா?